பூச்சியமாவது சுற்றுலாப்பயணி

உமிரித்தீவுக்குக் கடிதம் இல்லாமல் ஒருவரும் போகக்கூடாது என்ற விதியைக் கொண்டுவந்தது, உமிரித்தீவுக்கு உலகத்தையே கூட்டிப்போவதற்காக லண்டனில் தொடங்கப்பட்ட ஒரு சபை.

வடபுலத் தொலைதீவுகள் சுற்றுலா அபிவிருத்தித் திட்டமிடற் சபை, ஐக்கிய இராச்சியக் கிளை என்பது அதன் முழுப்பெயர். வேறு கிளை எதுவும் கிடையாது. போர்நிறுத்தம் வந்து ஒரு வருடமாகி, சனம் பயம் தெளிந்து ஊருக்குப் போய்வரத் தொடங்கியிருந்த 2003ஆம் ஆண்டில், சபையின் தூதுக்குழு ஒன்று கொழும்புக்குப் போய் நான்கு நாள் ஹோட்டலில் தங்கி, அதிகாரிகளிடம் நான்கு கோரிக்கைகளை வைத்தது. தீவின் இடிந்த இறங்குதுறையைத் திருத்தித்தர வேண்டும். குடிதண்ணீருக்கு வழி செய்ய வேண்டும். வாரம் ஒருமுறையாவது ஒரு டாக்டர் போய்வர வேண்டும். தீவுக்கு வெளியிலிருந்து வருகிறவர்களை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தைச் சபைக்குத் தர வேண்டும். முதல் மூன்றையும் பரிசீலிப்பதாகச் சொன்னார்கள். நான்காவதை அன்று பின்னேரமே ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள்.

தூதுக்குழு தீவுக்குப் போகவில்லை. கடல் கொஞ்சம் கொந்தளிப்பாக இருந்தது என்று அறிக்கையில் இருக்கிறது.

தென்லண்டன் நோர்பரியில் இருந்த யோகராஜாவுக்கு இது எதுவும் தெரியாது. அவர் குளியலறைகளுக்குத் தரை ஓடு பதிப்பவர். பிரான்சில் மூன்று வருடம் கோப்பை கழுவிவிட்டு லண்டனுக்கு வந்தவர். நோர்பரியிலிருந்து தோர்ன்டன் ஹீத் வரை அவர் முழங்கால் படாத குளியலறை குறைவு. உமிரித்தீவில் பிறந்த அவர் ஊரைவிட்டு வந்து பதினேழு வருடம். அங்கே இப்போது மிஞ்சியிருந்தது அறுபத்தொரு பேர். அதில் ஒருவர் அவருடைய அக்கா இம்மாகுலேற். அவர்தான் யோகராஜாவைத் தூக்கி வளர்த்தவர். தான் கலியாணம் கட்டவில்லை.

தீவில் இருந்த ஒரே தொலைபேசி மாதா கோயில் அறைவீட்டில் சுவாமியாரிடம் இருந்தது. ஞாயிறு பூசை முடிந்ததும் யோகராஜா அதற்கு அழைப்பு எடுப்பார்.

"கண்ணிலை பூ விழுந்திட்டுது தம்பி," என்றார் அக்கா. "யாழ்ப்பாணம் ஆசுப்பத்திரியிலை வெட்டி எடுத்துவிடுவினமாம்."

"அப்ப போங்கோவன் அக்கா."

"கண் தெரியாமல் படகிலை எப்பிடிக் காலை வைக்கிறது? நீ வந்து கையைப் பிடி, ஏறுறன். வேற ஒருத்தரின்ரை கையையும் பிடிச்சு நான் கடலிலை இறங்கமாட்டன்." பிறகு, நினைவு வந்தவராக, "போன கிழமை சுவிசிலையிருந்து வந்த ஒருத்தனைத் துறையிலை மறிச்சுப்போட்டாங்கள். லண்டன் சபையின்ரை கடிதம் இருக்கோ எண்டு கேட்டவங்களாம். நீ வரேக்கை அதையும் எடுத்துக்கொண்டு வா. லண்டன்தானே, உனக்குப் பக்கம்."

சபை லண்டனின் மறுகோடியில் ஹரோவில் இருந்தது. நோர்பரியிலிருந்து இரண்டு ரயில் மாறி, ஒன்றே முக்கால் மணித்தியாலம். சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்பு நடக்கும் பள்ளிக்கூடத்தில், வகுப்பு விட்டபின் அந்த அறையிலேயே சபை கூடும். கதிரைகள் ஏழு வயதுப் பிள்ளைகளுக்கானவை. அவற்றில் இருபது பெரிய மனிதர்கள், முழங்கால் நாடியைத் தொட, கோட்டும் ரையுமாக உட்கார்ந்திருந்தார்கள்.

செயலாளர் ஸ்ரீதரன் கவுன்சிலில் வேலை செய்பவர். வீட்டுக்குப் பின்னால் அறை இழுத்துக் கட்ட அனுமதி கேட்டு வருகிற விண்ணப்பங்களைப் பார்ப்பது அவர் பொறுப்பு. அனுமதி கொடுக்காமல் விடுவதில் பெயரெடுத்தவர். அவர் யோகராஜாவிடம் ஒரு படிவத்தை நீட்டினார்.

"வருகையின் நோக்கம்" என்ற இடத்தில் மூன்று கட்டங்கள் இருந்தன. சுற்றுலா, இயற்கை. சுற்றுலா, கலாசாரம். சுற்றுலா, ஏனையவை.

"தம்பி, நான் அக்காவைப் பாக்கப் போறன். கண் ஒப்பரேசனுக்குக் கூட்டிக்கொண்டு போகவேணும்."

"அதுக்குக் கட்டம் இல்லை அண்ணை."

"நான் அங்கை பிறந்தனான்."

"பிறப்பு வேறை, வருகை வேறை," என்று சொல்லிக்கொண்டிருந்த ஸ்ரீதரன் பேனையை மூடினார். "எங்கை பிறந்தனீங்கள்?"

இருபது பேரும் சின்னக் கதிரைகளோடு அவர் பக்கம் திரும்பினார்கள். தலைவர் தேவராசா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பப் போட்டார். அவர் ஓய்வுபெற்ற நில அளவையாளர். உமிரித்தீவின் வரைபடத்தை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர். தீவைப் பார்த்த ஒருவரை அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

சபையின் யாப்பில் பதினான்காவது விதி ஒன்று இருந்தது. தீவுவாசிப் பிரதிநிதி ஒருவர் அறையில் இல்லாமல் எடுக்கப்படும் எந்த முடிவும் செல்லாது. யாப்பை எழுதும்போது நல்லாயிருக்கும் என்று போட்ட விதி. ஆள் கிடைக்காததால் இவ்வளவு காலமும் எல்லா முடிவுகளையும் "தற்காலிகமாக" எடுத்து வைத்திருந்தார்கள். யோகராஜாவுக்கு அன்றே கை தட்டி, அங்கத்துவ அட்டை கொடுத்து, பொன்னாடை போர்த்தினார்கள். வேலை உடுப்போடு வந்திருந்ததால் பொன்னாடையில் கொஞ்சம் சீமெந்து பட்டது.

"இப்ப என்ரை கடிதம்?" என்றார் யோகராஜா.

"சந்தோசமா எடுப்பம்," என்றார் ஸ்ரீதரன். "ஆனா உங்கடை சொந்த விசயத்தைக் கதைக்கேக்கை நீங்கள் வெளியிலை இருக்கவேணும். அது யாப்பு."

யோகராஜா எழுந்து கதவடிக்குப் போனார்.

"நில்லுங்கோ அண்ணை. நீங்கள் வெளியிலை போனால் தீவுவாசி இல்லை. தீவுவாசி இல்லாட்டி முடிவு எடுக்க ஏலாது."

"அப்ப உள்ளை இருக்கிறன்."

"உள்ளை இருந்தால் விசயத்தை எடுக்க ஏலாது."

யோகராஜா கதவின் கைபிடியைப் பிடித்தபடி நின்றார். "இதை அடுத்த கூட்டத்திலை ஆராய்வம்," என்றார் தலைவர் இரக்கத்தோடு.

அந்த வருடம் ஓகஸ்ட் பதினைந்தாம் திகதி, யோகராஜா போய்ச்சேர நினைத்திருந்த உமிரித்தீவு மாதா கோயில் பெருநாள் அவர் இல்லாமலே நடந்தது.

அவருடைய மனைவி எமில்டாவுக்கு இதெல்லாம் பிடிபடவில்லை. "விட்டுப்போட்டு வேற ஆரிட்டையும் கேளுங்கோவன்."

"வேற ஆரும் குடுக்க ஏலாது. இவைக்குத்தான் பவர்."

"அப்ப கூட்டத்துக்குப் போகாமல் விடுங்கோ. அவையே ஓடிவருவினம்."

ஒரு தடவை போகாமல் விட்டுப் பார்த்தார். ஸ்ரீதரனும் தலைவரும் காரில் நோர்பரிக்கே வந்து, ஒருவர் வீட்டுக் குளியலறையில் தரை ஓடு பதித்துக்கொண்டிருந்தவரைச் சுற்றி நின்று, சலவை யந்திரத்தின் மேல் தாள்களை வைத்து ஏழு தீர்மானங்களை நிறைவேற்றிவிட்டுப் போனார்கள். வீட்டுக்காரர் எல்லோருக்கும் தேத்தண்ணி கொடுத்தார். கடிதம் அந்த ஏழில் இல்லை.

தீவுக்காகச் சபை போட்ட திட்டத்தின் பெயர் "உமிரி 2020." அதற்கு ஆலோசகராகக் கிடைத்தவர் குருமூர்த்தி. சென்னைக்காரர். லண்டன் சிட்டியில் ஒரு வங்கியில் நல்ல வேலையில் இருந்தவர். ஸ்கொட்லாந்தின் வடகோடித் தீவுகளுக்கு இரண்டு வாரம் விடுமுறைக்குப் போய்வந்தவர் என்பதால், தூரத்து வடக்குத் தீவுகள் பற்றிய நிபுணராகச் சபை அவரை ஏற்றுக்கொண்டது. அங்கே கண்டதையெல்லாம் அவர் திட்டத்தில் வைத்திருந்தார். வருடத்துக்கு நாற்பதாயிரம் பேர் வருவார்கள். பறவை பார்ப்பார்கள். கம்பளிச் சட்டை வாங்குவார்கள். கடற்கரையில் படுத்திருக்கும் கடல்நாய்களைப் படம் எடுப்பார்கள்.

"ஐயா, எங்கடை தீவிலை கடல்நாய் இல்லை," என்றார் யோகராஜா.

"இல்லன்னு யார் சொன்னது? ஸ்டடி ஏதாவது பண்ணியிருக்காங்களா?"

"நான் அங்கை இருபத்தாறு வருசம் இருந்தனான்."

"அது உங்க அனுபவம். நான் டேட்டா கேக்கறேன்."

கம்பளிச் சட்டையை உமிரித்தீவில் யார் பின்னுவார்கள், அந்த வெயிலில் யார் போடுவார்கள் என்று யோகராஜா கேட்கவில்லை. கிணற்றைப் பற்றிக் கேட்டார். தீவில் நல்ல தண்ணிக் கிணறு ஒன்றுதான்; சித்திரை பிறந்தால் அறுபத்தொரு பேருக்கே காணாது. இதற்குத் தலைவரே எழுந்து பதில் சொன்னார்.

"கிணறு ஒரு பிரச்சினைதான். ஆனால் நாங்கள் பிரச்சினைகளைத் தீர்க்கிற சபை இல்லை. திட்டமிடுகிற சபை. தீர்ப்பதென்றால் அங்கே போக வேண்டும், மண்வெட்டி பிடிக்க வேண்டும், ஆட்களோடு கதைக்க வேண்டும். அதை எவனும் செய்வான். முப்பது வருடம் நான் நிலம் அளந்தவன். ஒரு காணிக்குள் ஆள் இருந்தால் அளக்கிற சங்கிலி நேராகப் போகாது. இது நான் கண்ட உண்மை."

பலமாகக் கை தட்டினார்கள். யோகராஜாவும் இரண்டு தட்டுத் தட்டினார். கடிதம் தரவேண்டியவர் பேசும்போது சும்மா இருப்பது சரியில்லை.

2004 கோடையில் ஒத்திகை வைத்தார்கள். சுற்றுலாப்பயணி வந்தால் எப்படி இருக்கும் என்று ஒருமுறை செய்து பார்ப்பது. பள்ளிக்கூட முற்றத்தில் நீலப் படங்கை விரித்துக் கடல் என்றார்கள். அங்கத்தவர்களின் குடும்பங்கள் சுற்றுலாப்பயணிகளாகத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக வந்து இறங்கின. தீவின் சனத்தொகையாக யோகராஜா நடித்தார். முதலில் துறையில் நின்று வரவேற்றார். பிறகு படங்கைச் சுற்றி ஓடிப்போய் மீன் விற்றார். அங்கிருந்து ஓடிப்போய்க் கோயில் மணி அடித்தார். கம்பளி பின்னுகிற பெண்ணாகவும் சிறிது நேரம் இருந்தார்.

"சார், நீங்க ரொம்ப லண்டனா இருக்கீங்க," என்றார் குருமூர்த்தி. "கொஞ்சம் ஐலண்டா இருங்க. முகத்துல ஒரு வெள்ளந்தி வேணும்."

அப்போது யோகராஜாவின் சட்டைப்பையில் தொலைபேசி அடித்தது. சுவாமியாரின் இலக்கம். அங்கிருந்து ஒருநாளும் அழைப்பு வருவதில்லை. அவர் மீன்பெட்டியை வைத்துவிட்டு எடுத்தார்.

"தம்பி, இடது கண் முழுக்க இருட்டிப்போச்சு," என்றார் அக்கா. "வலது கண் இன்னும் இருக்கு. அது இருக்கேக்கை வந்தியெண்டால் உன்ரை முகத்தைப் பாத்திடுவன். எங்கை நிக்கிறாய், ஒரே சத்தமாக் கிடக்கு?"

"இஞ்சை, உமிரித்தீவிலை," என்று யோகராஜா சொல்லிவிட்டார். பிறகு, "இல்லை அக்கா, வேலையிலை," என்றார்.

ஒத்திகை முடிந்ததும் சுற்றுலாப்பயணிகள் கருத்துப் படிவம் நிரப்பினார்கள். தீவுவாசி சிரிப்பது போதாது என்று பதினொரு பேர் எழுதியிருந்தார்கள். தீவுவாசி வேலை நேரத்தில் தொலைபேசி பாவித்தார் என்று ஒன்பது பேர். தீவுவாசியின் கண் கலங்கியிருந்தது, பிள்ளைகள் பயந்துவிட்டார்கள் என்று ஒருவர். சபை இவற்றை ஏற்று, தீவுவாசிக்கு ஆறு வாரப் பயிற்சி ஒழுங்குசெய்தது. பயிற்சி கொடுத்தவர் குருமூர்த்தி.

"ஊரை விட்டிட்டு ஓடிவந்தனீங்கள்," என்றார் எமில்டா, பயிற்சிக்குப் புறப்பட்டவரிடம் சாப்பாட்டுப் பெட்டியை நீட்டியபடி. "இப்ப ஊராவே வேலைக்குப் போறீங்கள். போயிட்டு வாங்கோ."

கதவுப் பிரச்சினை தீர ஏறக்குறைய இரண்டு வருடமாயிற்று. 2005 மாசியில், ஸ்ரீதரன் கவுன்சிலில் படித்த சட்ட நுணுக்கம் முழுவதையும் பாவித்து வழி கண்டுபிடித்தார். யோகராஜா நிலைப்படியில் நிற்க வேண்டும். இடது கால் உள்ளே, வலது கால் வெளியே. இடது கால் இருப்பதால் தீவுவாசி அறையில் இருக்கிறார். காதிருக்கும் தலையை வெளிப்பக்கம் சாய்த்துக்கொண்டால் அவர் விசயத்தைக் கேட்கவில்லை. அப்படியே நாற்பது நிமிடம் நின்றார். முழங்காலில் நின்று தரை ஓடு பதித்தவருக்கு அது பெரிய கஷ்டம் இல்லை. கடிதம் கொள்கையளவில் ஒப்புக்கொள்ளப்பட்டது.

"கொள்கையளவிலை எண்டால்?"

"குடுக்கிறது எண்டு முடிவு. எப்பிடிக் குடுக்கிறது எண்டதிலை ஒரு சின்னச் சிக்கல்," என்றார் ஸ்ரீதரன். "எங்கடை கடிதத்தோடை தீவிலை கால் வைக்கிற ஆள்தான் உமிரி 2020இன் முதலாவது சுற்றுலாப்பயணி. அந்தக் கௌரவம் பிரதம விருந்தினருக்கு எண்டு ஏற்கெனவே தீர்மானம் இருக்கு. குத்துவிளக்கு, மாலை, படம் எல்லாம் அவருக்குத்தான்."

"அவர் எப்ப போறார்?"

"அவர் ஆர் எண்டு இன்னும் முடிவாகேல்லை."

மனோர் பார்க்கில் நகைக்கடை வைத்திருந்த வள்ளல் ஒருவருக்கும், சபைக்கு வலைத்தளம் செய்துகொடுத்த கணக்காளர் ஒருவருக்கும் இடையில் போட்டி. இரண்டு பேரும் தீவுக்குப் போகும் எண்ணம் இல்லாதவர்கள். முதலாவதாகப் போகும் எண்ணம் மட்டும் இருவருக்கும் இருந்தது. கூட்டத்துக்குக் கூட்டம் வாக்கெடுப்பு நடந்து சமமாக முடிந்தது. யோகராஜா நாலுதரம் எழுந்து, தான் சுற்றுலாப்பயணி இல்லை, தன்னை எண்ண வேண்டாம், மாலை வேண்டாம் என்று சொன்னார்.

"ஆமா, இதுல ஒரு வழி இருக்கு," என்றார் குருமூர்த்தி கடைசியில். "எண்ணறதை எங்க ஆரம்பிக்கணும்னு நாமதானே முடிவு பண்றோம்? இவரை சீரோன்னு வச்சுக்கலாம். ஒண்ணாம் நம்பர் அப்படியே காலியா இருக்கும்."

பூச்சியமாவது சுற்றுலாப்பயணி என்றால் என்ன, அவர் தீவில் எதையெல்லாம் பார்க்கலாம், எதைப் பார்த்தால் ஒன்றாவது ஆகிவிடுவார் என்று ஆராய உபகுழு ஒன்று அமைத்தார்கள். உபகுழுவின் அறிக்கை வர பதினாறு மாதம் சென்றது.

2006 ஓகஸ்டில் அங்கே திரும்பவும் சண்டை தொடங்கியது. பாதை பூட்டியாயிற்று. சுவாமியாரின் தொலைபேசி இரண்டு ஞாயிறு அடித்துக்கொண்டே இருந்தது. மூன்றாவது கிழமை, வெள்ளிக்கிழமை காலையில், வேறொரு இலக்கத்திலிருந்து அக்கா கதைத்தார். யாழ்ப்பாணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருப்பதாகவும், யாரோ ஒரு பிள்ளையின் போன் என்றும் சொன்னார்.

"ஒரு மணித்தியாலத்திலை வெளிக்கிடச் சொல்லிப்போட்டாங்கள். அறுபத்தொரு பேரும் இஞ்சைதான். என்னையும் படகிலை ஏத்திப்போட்டாங்கள் தம்பி. ஆரோ ஒருத்தன் கையைப் பிடிச்சவன். ஆரெண்டு தெரியேல்லை."

யோகராஜா அந்தப் புது இலக்கத்தைக் கலண்டர் ஓரத்தில் எழுதிக்கொண்டார்.

"ஏழு ஆடும் அங்கை நிக்குது," என்றார் அக்கா.

மறுநாள் ஹரோவுக்குப் போனார். முதலில் இதைச் சொல்ல வேண்டும் என்று எழுந்தவரை, அது பதினோராவது விடயமான "ஏனையவை"யில் வரும் என்று ஸ்ரீதரன் இருத்தினார். ஏழாவது விடயத்தில் அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். உபகுழுவின் அறிக்கை ஏற்கப்பட்டு, கடிதம் தயார். சபையின் பொன்னிற முத்திரை பதித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு வைத்திருந்தார்கள். இரண்டாவது பொன்னாடையும் போர்த்தினார்கள். "எங்கடை பொறுமையின் வெற்றி," என்றார் தலைவர்.

பதினோராவது விடயத்தில், சட்டத்தை மடியில் வைத்தபடி, யோகராஜா சொன்னார். தீவில் இப்போது ஒருவரும் இல்லை.

குருமூர்த்தி தலை குனிந்திருந்தார். அதற்குப் பிறகு அவர் கூட்டங்களுக்கு வரவில்லை. வங்கியில் வேலை கூடிவிட்டது என்று மின்னஞ்சல் அனுப்பினார்.

தலைவர்தான் எழுந்தார். "மிகவும் வேதனையான செய்தி. ஒரு நிமிடம் மௌனமாக நிற்போம்." நின்றார்கள். உட்கார்ந்தபின் தொடர்ந்தார். "வேதனையை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் பார்த்தால், கிணற்றுப் பிரச்சினை இன்றோடு இல்லை. வெறும் நிலம் என்பது திட்டமிடுகிறவனுக்கு வெள்ளைத்தாள். உமிரி 2020ஐ உமிரி 2030 என்று மாற்றுவது நல்லது என்று நினைக்கிறேன்."

"சனம் திரும்பிப் போகுமே," என்றார் யோகராஜா.

"போகட்டும், நல்லது," என்றார் ஸ்ரீதரன், கூட்டக்குறிப்பு எழுதியபடி. "ஆனா அவையள் இப்ப தீவுக்கு வெளியிலை இருக்கினம். வெளியிலையிருந்து ஆர் போறதெண்டாலும் எங்கடை கடிதம் வேணும். விதி எல்லாருக்கும் ஒண்டுதான். ஆக்களை அடையாளம் காட்ட ஒரு தீவுவாசி வேணும். அதுக்கு நீங்கள் இருக்கிறீங்கள்." படிவக் கட்டு ஒன்றையும் முத்திரையையும் யோகராஜாவின் பக்கம் தள்ளினார். அன்றைய குறிப்பில், உமிரித்தீவின் சனத்தொகை: ஒன்று, நோர்பரி, என்று பதிவானது.

ஞாயிறு காலை எமில்டா பூசைக்குப் போய்விட்டார். சாப்பாட்டு மேசையில் சட்டம் போட்ட கடிதமும் படிவக் கட்டும் இருந்தன. தொலைபேசி அடித்தது.

"தம்பி, கடிதம் கிடைச்சுதோ?"

"கிடைச்சிட்டுது அக்கா."

"நீ இப்ப வரேலாது, எனக்குத் தெரியும். பாதை பூட்டு." பின்னால் பிள்ளைகள் கத்தும் சத்தம் கேட்டது. "இஞ்சை சொல்லுகினம், துறையிலை லண்டன் கடிதம் காட்டினால் ஒருநாள் திரும்ப விடுவாங்களாம். எனக்கும் ஒண்டு எடுத்துத் தருவியே? ஆட்டை ஒருக்காப் போய்ப் பாக்கவேணும். மற்ற ஆக்களும் கேக்கினம்."

"அதுக்கு நீங்கள் முதல் அங்கத்தவராச் சேரவேணும் அக்கா," என்றார் யோகராஜா. "படம் ரெண்டு அனுப்பவேணும். பிறகு கூட்டத்திலை வைக்கவேணும்." தன் குரலைத் தானே கேட்டு நிறுத்தினார். ஸ்ரீதரன் கதைப்பதுபோல இருந்தது.

"சரி, எழுது," என்றார் அக்கா. பெயர் சொன்னார். பிறந்த திகதி சொன்னார். விலாசம் கேட்டபோது கொஞ்சம் யோசித்து, உமிரித்தீவு என்றார். யோகராஜா எழுதிக்கொண்டே போனார். நாலாவது வரியில் பேனை நின்றது.

"வேற என்ன கேட்டிருக்கு?"

"ஏன் போறீங்கள் எண்டு."

"என்ரை வீட்டுக்கு எண்டு எழுது."

"அதுக்குக் கட்டம் இல்லை."

"அப்ப?"

அவர் மூன்று கட்டங்களையும் பார்த்தார். மூன்றாவதில் கோடு போட்டார். "சுற்றுலா எண்டு போட்டிருக்கிறன் அக்கா."

யாரோ பிள்ளை போனைத் திருப்பித் தரச்சொல்லி அழுதது.

"சரி," என்றார் அக்கா. "அது எத்தினை நாளைக்குத் தம்பி?"